புரை எடுத்த மறுநாள்

கிருஷ்ணகிரி கண் மருத்துவமனையில் என் அம்மாவுக்கு அடுத்த கட்டிலில் இருந்தவர் வேப்பனப்பள்ளி விவசாயி. மாங்காய்ப் பால் பட்டுக் கறுத்த விரல்கள். யார் பேசினாலும் குரல் வந்த பக்கம் தலையைச் சாய்த்துச் சிரிப்பார்.

அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் அவருடைய கண்கட்டைப் பிரித்தார்கள். நர்ஸின் முகத்தையே வெகுநேரம் பார்த்தார்.

“நல்லாத் தெரியுதுங்களா?” என்றேன்.

“தெளிவாத் தெரியுதுங்க. புரை முத்தட்டும்னு நானேதான் தள்ளிப்போட்டேன். அப்படிக் காத்திருக்கவே வேண்டியதில்லைன்னு டாக்டர் இப்ப சொல்றாரு.”

நர்ஸிடமிருந்து பார்வையை என் பக்கம் திருப்பினார்.

“போன மாசம் என் சம்சாரம் போயிட்டா. பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன். வெறும் புகையாத்தான் தெரிஞ்சா. கடைசியில அவ சிரிச்சாளா, அழுதாளான்னுகூட எனக்குத் தெரியாதுங்க.”

கண்ணில் நீர் திரண்டது. துடைக்கக் கையைத் தூக்கியவரை நர்ஸ் தடுத்தாள். “கண்ணத் தொடக் கூடாதுங்க ஐயா.”

கைகளை மடியில் வைத்துக்கொண்டு, நீர் வழிந்து ஓயும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். அந்த முகம் இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை.