ராஜ்கோட் போய்வந்தவர்

சித்திரை வெயிலில் கோயமுத்தூரே கொதித்தாலும் ஈஸ்வரமூர்த்தியின் சட்டையில் கழுத்துப் பொத்தான் போட்டபடியே இருக்கும். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, போதாததற்குக் கல்யாணப் பத்திரிகை ஒன்றால் கழுத்துக்கு விசிறிக்கொள்வாரே தவிர அதைக் கழற்ற மாட்டார். கேட்டால், “பொத்தான் போட்டாத்தானுங்க மனுசன் பாங்கா இருப்பான்” என்பார். பாங்காவது, மண்ணாங்கட்டியாவது! கழற்றினால் நெஞ்சின் நடுவே ஓடும் தையல் தழும்பு தெரிந்துவிடும்.

ஊரின் கணபதிப் பகுதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் இவருக்கு எட்டு மாதத்துக்கு முன் பைபாஸ் நடந்தது. காலை நடையில் என் தோளில் சரிந்தவரைக் காரில் போட்டுக்கொண்டு ஓடிய பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது. ஊரைப் பொறுத்தவரை ஐயா இரண்டு மாதம் மிஷின் பார்க்க குஜராத்தில் ராஜ்கோட் போயிருந்தார். உண்மையில் இருந்தது பக்கத்திலேயே மதுக்கரையில், மச்சினன் வீட்டு மாடியில். பன்னிரண்டு கிலோ இளைத்துத் திரும்பியவர், “அங்க மூணு வேளையும் ரொட்டிதானுங்க, ஒடம்பு எறங்கிப்போச்சு” என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இவர் தோட்டத்தையே மறைத்தார்.

காரணம், மகள் அக்ஷிதாவின் கல்யாணம். “அப்பனுக்கு ஆர்ட்டு சீக்குன்னா புள்ளைக்கும் வரும்னு சொல்லிப்போடுவாங்க. நீங்க வாயத் தொறக்காதீங்க” என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டார். கனம் தூக்காதே, மூச்சு வாங்கினால் நின்றுவிடு, இன்னொரு தடவை விழுந்தால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொன்னதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் பட்டறையை எட்டிப் பார்த்தபோது, மோட்டார் கூடு ஒன்றை ஒற்றை ஆளாகத் தூக்கி மேசைமேல் வைத்தார். வந்தவர்கள் மெச்சினார்கள். நான் அவர் பின்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

வெளியில்தான் இந்த வீறாப்பெல்லாம். வீட்டில் குளியலறைக் கதவைத் தாழிடுவதில்லை. உள்ளே விழுந்தால் கதவை உடைக்க நேரமாகுமாம். இடப்பக்கம் திரும்பிப் படுத்தால் தலையணைக்குள் நெஞ்சு அடிக்கிற சத்தம் கேட்கிறதென்று எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். “கொழாயத் தொறந்து உட்டுப்போட்டு உள்ள அழுவறாருங்ணா” என்றார் அவர் மனைவி. மனசுக்கு ஒரு டாக்டரைப் பாருங்கள் என்று நான் ஒருமுறை சொல்லிப்பார்த்தேன். “ஏனுங்க, நான் என்ன கிறுக்கனுங்களா?” என்று கேட்டுவிட்டு நான்கு நாள் என்னோடு பேசவில்லை. இப்படிப்பட்ட ஆளைப் பார்த்து இரக்கப்படத்தான் நினைக்கிறேன், எரிச்சல் முந்திக்கொள்கிறது.

போன மாதம் நிச்சயம் முடிந்தது. கோபியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். மறுநாள் எல்லோரும் மருதமலைக்குப் போனோம். பெண்களும் பிள்ளைகளும் மேலே போக பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா கதிரேசன், வாழைத்தோட்டக்காரர், அவரும் பஸ் படியில் காலை வைக்கப் போனார். அதற்குள் நம் ஆள் கையைப் பிடித்து இழுத்தார்.

“பஸ்ஸெல்லாம் கெழடுகளுக்குங்க சம்பந்தி. நாம படியிலயே போயறலாம்.”

கதிரேசன் மலைப் படிகளை அண்ணாந்து பார்த்தார். சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். “ஆகட்டுங்க” என்றார். நானும் கூடவே ஏறினேன்.

பாதி வழியில் ஒரு மண்டபத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார் ஈஸ்வரமூர்த்தி. முகம் சாம்பல் நிறமாகிவிட்டது, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. “ஊரு எத்தன அழகாத் தெரியுது பாருங்க” என்றார். கண்கள் மூடியிருந்தன.

“சொல்லித் தொலைங்களேன்!” என்று அவர் காதோரம் பல்லைக் கடித்தேன்.

“வயித்துல கேஸுங்க. காலைல தின்ன பருப்பு வடை.”

அதற்குள் கதிரேசன் பொத்தென்று படியில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து சின்ன டப்பா ஒன்றை எடுத்து, ஒரு மாத்திரையைத் தன் நாக்குக்கடியில் வைத்துக்கொண்டார். இன்னொன்றை உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

“எனக்கு நெஞ்சுல ரெண்டு ஸ்டென்ட் வெச்சிருக்குதுங்க சம்பந்தி. சொன்னா நீங்க பொண்ணு குடுக்க மாட்டீங்களோன்னு சொல்லாம உட்டுப்போட்டேன். உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுதுங்க. ஒன்னு நாக்குக்கடியில வெச்சுக்கங்க.”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இனி மறைக்க என்ன இருக்கிறது? மனுஷன் உண்மையைச் சொல்லிவிடுவார், மெதுவாக இறங்கிவிடலாம் என்று நினைத்தேன்.

ஈஸ்வரமூர்த்தி மாத்திரையைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார். அவர் கண்ணில் நிஜமாகவே ஈரம் இருந்தது. “அய்யோ பாவமே, உங்களுக்கா இப்பிடி! நீங்க மெதுவா வாங்க” என்றார். கதிரேசனின் விரல்களை மாத்திரைமேல் மூடிவிட்டு, தேங்காயும் பழமும் நிறைந்த அவருடைய பையையும் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, அடுத்த படியில் காலை வைத்தார்.