தன் முதுகு

எதையும் தேதியோடு நினைவில் வைப்பது என் பழக்கம். இது நடந்தது மாசிப் பௌர்ணமி அன்று. போயா விடுமுறை என்பதால் உக்குவளை அடங்கிக் கிடந்தது.

மாமா, அதாவது என் மனைவியின் அப்பா, எல்கடுவையில் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாக இருக்கிறார். எங்களோடு வந்து இருங்கள் என்றால், "செத்த பொறகு தூக்கிட்டுப் போங்க" என்பார். ஐப்பசி மழையில் ஒரு முறை மயங்கி விழுந்தார். அதன் பிறகு அவர் முன்னறை அலுமாரியின் மேல் ஒரு கெமரா வைத்தேன். தானும் எங்களைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தார். எங்கள் விறாந்தையிலும் அதே மாதிரி ஒன்று வந்தது. வெளியார் எட்டிப் பார்க்காமலிருக்க விபிஎன் போட்டு இரண்டு வீட்டையும் இணைத்தேன். இணையத்துக்குள் தோண்டிய தனிச் சுரங்கம் என்று சொல்லலாம்.

போனில் எல்லாம் சரியாக வந்தது. பிறகு பழைய விண்டோஸ் மடிக்கணினியை மாமாவுக்குக் கொடுத்துவிட்டு, எனக்கு லினக்ஸ் உள்ள ஒன்றை எடுத்துக்கொண்டேன். முந்தின நாள் உள்ளறையில் வைத்து அவருக்குப் பொருத்திக் கொடுத்தபோது திரையில் வெறும் கதிரை தெரிந்தது. இரண்டு வீட்டிலும் ஒரே கடையில் வாங்கிய பழுப்புக் கதிரை. எங்கள் விறாந்தைதான் என்று நினைத்துக் கிளம்பி வந்துவிட்டேன்.

அன்று காலை மாமா போனை எடுக்கவில்லை. மனைவி தன் போனில் கெமராவைத் திறந்தாள்.

"ஏங்க, அப்பா ஒக்காந்துதான் இருக்காரு. போன் அடிக்கிறது கேக்கலையா?"

நான் பின்னறையில் மடிக்கணினியைத் திறந்தேன். கதிரை காலியாக இருந்தது. அவள் போனைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். ஒன்றில் பச்சைத் துண்டு போட்ட முதுகு. மற்றதில் யாரும் இல்லை.

"எதுங்க நெசம்?"

கெமராவின் எண்ணுக்கு ஒரு பிங், அதாவது 'இருக்கிறாயா' என்று கேட்கும் சிறு செய்தி, அனுப்பிப் பார்த்தேன். பதில் உடனே வந்தது. எல்கடுவை மலைக்குப் போய்த் திரும்புகிற எதுவும் அத்தனை வேகமாக வராது. பதில் சொன்னது இந்த வீட்டுக்குள்ளேயே இருந்தது.

சிக்னல் சரியில்லையோ என்று அவள் போனோடு எழுந்து போனாள். திரையில் ஒரு பெண் அந்த வெற்று அறைக்குள் நுழைந்து, எனக்கு முதுகைக் காட்டியபடி கதிரைக்குப் பக்கத்தில் நின்றாள். மாமாவின் வீட்டில் யார் இவள் என்று திரைக்குக் கிட்டக் குனிந்தேன். பிறகுதான் அது என் மனைவியின் புடைவை என்று அடையாளம் கண்டேன். அவள் நின்றது எங்கள் விறாந்தையில்.

இரண்டு வீட்டு ரவுட்டரையும் எண்களை மாற்றாமல் பெட்டியில் வந்தபடியே விட்டிருந்தேன். அதனால் இரண்டு கெமராவுக்கும் ஒரே எண். போன் எதையும் சுரங்கம் வழியே அனுப்பும். லினக்ஸ் முதலில் இந்த எண் நம் வீட்டிலேயே இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் வாசலைத் தாண்டாது.

"அப்ப போன்ல இருக்கிறதுதான் அப்பா," என்றாள் நிம்மதியோடு.

படத்தின் மூலையில் இருந்த நேரத்தைப் பார்த்தேன். அது விடியற்காலையோடு நின்றிருந்தது. இணைப்பு அறுந்தால் போன் கடைசிப் படத்தை அப்படியே வைத்திருக்கும். ஒன்று வேறு வீடு, மற்றது கடந்துபோன நேரம். இரண்டிலும் மாமா இல்லை. எல்கடுவையில் பக்கத்து வீட்டுக்காரரை அழைத்தேன். போய்ப் பார்த்துவிட்டு, கதவு பூட்டியிருக்கிறது என்றார்.

புறப்படச் செருப்பு மாட்டும்போது வாசலில் ஆட்டோ நின்றது. குடையை ஊன்றி மாமா இறங்கினார். உள்ளே வராமல் விறாந்தையை எட்டிப் பார்த்தார்.

"எங்க அவன்?"

"யாருப்பா?"

"நேத்துலேருந்து பாக்குறேன். ஒங்க விறாந்தையில ஒரு கெழவன் குந்தியிருக்கான். முதுகுதான் தெரியுது. நான் எழும்புனா காணாமப் போயிடுறான், ஒக்காந்தா வந்துடுறான். அவனுக்கு எடங் குடுத்துட்டு என்னைய எதுக்குக் கூப்பிடுறீங்க?"

"போனை ஏம்ப்பா எடுக்கல?"

"அது வீட்டுல கெடக்கு. அவன் திரும்பி என்னையப் பாத்துட்டா? பிளக்கைப் புடுங்கிட்டு மொத பஸ்ஸுல வந்துட்டேன்."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். மாமா வீட்டு விண்டோஸும் அதையே செய்திருந்தது. அவரை அவருக்கே காட்டியிருந்தது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது நம் பழமொழி. அறியாத ஒருவனை நேற்றிலிருந்து பார்த்துப் பயந்திருக்கிறார்.

அவரைக் கதிரையில் உட்காரவைத்து என் மடிக்கணினியை எதிரே வைத்தேன். திரையில் எங்கள் விறாந்தை. பழுப்புக் கதிரையில் பச்சைத் துண்டு போட்ட ஒரு கிழவர்.

"இந்தா," என்றார் குரலைத் தாழ்த்தி. "இவன்தான்."

எண்ணைப் பற்றி விளக்கினேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. கையை மெல்லத் தூக்கிப் பிடரியைத் தடவினார். சற்றுப் பிந்தி அவனும் தடவினான்.

"முடியெல்லாம் கொட்டிருச்சே இவனுக்கு."

மனைவி தேத்தண்ணீர் கொண்டு வந்தாள். திரையில் ஒரு பெண் கோப்பையோடு வந்து கிழவரின் பின்னால் நின்றாள். ரவுட்டரின் எண்ணை மாற்ற நான் எழுந்தேன்.

"மாத்தாதீங்க மாப்பிள்ளை," என்றார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னைக்கு இவன் இங்கயே இருக்கட்டும்."