தனித்தனியாக வந்த கம்ப்யூட்டர்

வீட்டிலிருந்தே செய்யும் வீடியோ எடிட்டிங் வேலை ஒன்று எனக்குக் கிடைத்தது. சொந்தமாக நல்ல கம்ப்யூட்டர் இருக்க வேண்டும் என்றார்கள். மும்பையில் சயான் பக்கம் ஒரு கடையில் எல்லாம் பொருத்தித் தயாராக இருந்த ஒன்றை நான் பார்த்து வைத்திருந்தேன். என் கணவருக்கு அதில் நம்பிக்கையில்லை.

"கடைக்காரன் உள்ள என்னத்தப் போட்டிருக்கான்னு யாருக்குத் தெரியும்? ஆன்லைன்ல பார்ட்டு பார்ட்டா வாங்கி நானே மாட்டித் தாரேன், பிள்ள," என்றார்.

முதலில் மதர்போர்டு வந்தது. மற்றவை ஒவ்வொன்றாக வந்தன. எங்கள் தாராவி சந்துக்குள் வழி தெரியாமல் டெலிவரிக்காரர் திரும்பிப் போனதால், எல்லாவற்றையும் உள்ளே பொருத்தும் கேபினெட் கடைசியாக வந்தது. அதுவரை எந்தப் பெட்டியையும் அவர் பிரிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் மாட்டினார். ஸ்விட்சைப் போட்டதும் ஃபேன் சுற்றியது. திரையில் ஒன்றும் வரவில்லை.

முதலில் வந்தவற்றைத் திருப்பி அனுப்பும் கெடு முடிந்திருந்தது. சர்வீஸ் சென்டரில் மதர்போர்டைப் பார்த்தவர், "பின் முட் கயா ஹை. வாரண்டி நஹி மிலேகா," என்றார். போர்டில் ஊசி போன்ற பின் ஒன்று வளைந்திருந்ததாம்; அதனால் வாரண்டி கிடையாதாம்.

ரயிலில் திரும்பும்போது கணவர் மெதுவாகச் சொன்னார்: "நான் வளைக்கல பிள்ள. வரும்போதே அப்படித்தான் இருந்திருக்கும்."

"தெரியும்ங்க," என்றேன். எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது.

அந்த வேலையை அதற்குள் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். இப்போது நான் செம்பூரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். மீதிப் பாகங்கள் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன. அவற்றைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.