தெரிந்துதான் வளைத்தாள்

கம்பெனி பஸ் வல்லம் வடகாலில் திரும்பும்போது, பக்கத்து சீட்டு பிரவீண் தன் போனில் ஜாஸ் இசை ஆல்பங்களைப் போட்டுக் காட்டினான். நான் ஜாஸ் கேட்டதே இல்லை. ஒன்றில் ஒரு பாடகி மெட்டை விட்டு விலகி, தன் இஷ்டத்துக்கு அலைந்து திரும்பினாள். எனக்கு அம்மாவின் குரல் கேட்டது.

எங்கள் ஊர் சர்ச்சில் அம்மா அப்படித்தான் பாடுவாள். எல்லோரும் வரியை முடித்த பிறகும் அவள் குரல் மட்டும் மேலே ஏறி வளையும். "மெட்டு தெரியாதவங்க இன்னாத்துக்கு இங்க நிக்கணும்?" என்று பாடகர் குழுத் தலைவர் ஒருநாள் எல்லோர் முன்னாலும் அவளைக் குழுவிலிருந்து அனுப்பிவிட்டார்.

அம்மா அழவில்லை. மறு ஞாயிறு, எண்ணெய் மினுங்கும் கொண்டையில் கனகாம்பரம் வைத்து, என்னையும் இழுத்துப் போய் அவருக்கு நேர் எதிரே பாயில் உட்கார்ந்தாள். அன்று இன்னும் உரக்கப் பாடினாள், இன்னும் நீளமாக வளைத்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது.

"ஏம்மா இப்படிப் பண்ற?"

"மெட்டு தெரிஞ்சுதான்டி வளைக்கிறேன். குரலு அங்க மேல போனா எனக்கு சந்தோசமா கீது."

பஸ்ஸில் பிரவீண் ஆல்பத்தை மாற்றப் போனான். "இது உங்களுக்குப் புரியாதுக்கா. புதுசா கேக்கறவங்க ஈசியானதுலேருந்து ஆரம்பிக்கணும்."

"புரியுதா இல்லையான்னு நான் சொல்றேன் பிரவீண். அதையே போடு."