மனைவிக்குப் பயந்தவர் தெருத் தலைவராகலாமா?

இன்று காலை பிரிக்பீல்ட்ஸில் எங்கள் தெருவுக்குத் தலைவர் தேர்ந்தெடுக்கக் கூட்டம். வேலை ஒன்றுதான். எங்கள் பங்கீட்டு அரிசிக்காக, ஊரைப் பிடித்து ஆளும் ஜப்பான்காரன் முன்னால் போய் நிற்க வேண்டும். ஒழுங்காகக் குனிந்து வணங்காவிட்டால் கன்னத்தில் அறை விழும்.

போட்டியில் இரண்டு பேர்: ரயில்வே குமாஸ்தா கந்தையா, லோரி ஓட்டும் துரைசாமி.

துரைசாமி எழுந்ததும் நேரே எதிராளியின் வீட்டுக்குள் புகுந்துவிட்டார்.

"கந்தையா பொண்டாட்டிக்குப் பயந்தவரு! அந்தம்மா கத்துனா தலையக் குனிஞ்சிக்கிட்டு, வாயத் திறக்காம நிப்பாரு. நானே பார்த்தேன்!"

"வீட்டுக் கதையை ஏன் இஞ்ச இழுக்கிறியள்?" என்றார் கந்தையா, குனிந்த தலையோடு.

எனக்கும் கோபம் வந்தது. ஓட்டுக்காக அடுத்தவன் குடும்பத்தையா சந்திக்கு இழுப்பது?

அதற்குள் துணிக்கடை காதர் பாய் துள்ளி எழுந்தார். "எவ்வளவு நேரம் அப்படி நிப்பாரு?"

"அரை மணி நேரம்!"

"அப்போ இவருதான் நமக்கு ஆளு லா!"

ஒரே கைதட்டல். துரைசாமிக்கு முகம் வெளுத்துவிட்டது. "நானும் பயப்படுவேன்! அவரைவிட அதிகமா!"

"உட்காருங்க!" என்றது பின்வரிசையிலிருந்து அவர் மனைவியின் குரல்.

உடனே உட்கார்ந்துவிட்டார்.

இப்போது தெருவே இரண்டு கட்சி. நாளைக்கு ஓட்டு.

இதை முடிவெட்டும் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். பென்சிலும் தொங்குகிறது. உங்கள் ஓட்டு யாருக்கு என்று கீழே எழுதுங்கள்.

என் ஓட்டு யாருக்கு என்று எனக்கு வீட்டில் இன்னும் சொல்லவில்லை.