நோன்பும் கடைவாய்ப் பல்லும்

போன வருட நோன்பு காலத்தில், கல்முனையில் எங்கள் வீட்டில் தொடங்கியது இது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குக் கடைவாய்ப் பல்லில் சூத்தை விழுந்து கன்னம் பேக்கரிப் பணிஸ் மாதிரி வீங்கியிருந்தது. மருந்து குடித்து வீக்கம் வடிந்ததும் பல்லைக் கழற்ற வேண்டும் என்று பல் டொக்டர் நாள் சொல்லியிருந்தார். விட்டுவைத்தால் கீழே முளைத்து வரும் பல்லும் கெட்டுப்போகும் என்று எச்சரித்துமிருந்தார்.

அந்த நாளன்று, விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு மகளும் எழும்பி வந்து எங்களோடு உட்கார்ந்தாள். வழக்கமாகப் பகல் சாப்பாட்டோடு அவளுடைய நோன்பு முடிந்துவிடும். அன்றோ முழு நோன்பு பிடிக்கப்போவதாக நிய்யத்து வைத்தாள். அவளுடைய வாப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பின்னேரம் அசர் தொழுதுவிட்டு நான் அவளைக் கிளினிக்குக்குப் புறப்படச் சொன்னபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

"நோன்போட வாய்க்குள்ள ஊசி போட ஏலாதானே உம்மா. நோன்பு முடியட்டும்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகுதான் விளங்கியது. அது என்னுடைய வசனம். என் வலது கடைவாயில் ஒரு பல் உடைந்து, வேர் மட்டும் மிஞ்சி வருஷக்கணக்காகியிருந்தது. வலித்தால் கராம்பு வைத்துக் கடித்துக்கொண்டு, இடது பக்கமாகவே மென்று காலம் தள்ளினேன். கணவர் டொக்டரிடம் போகச் சொல்லும்போதெல்லாம் ஒரு சாட்டு இருக்கும். பெருநாள் முடியட்டும், கல்யாண வீடு முடியட்டும், நோன்பு முடியட்டும். மகள் எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டுதான் வளர்ந்திருக்கிறாள்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எறும்பு கடிக்கிற மாதிரித்தான், நோகவே நோகாது என்று சொல்லி என்னைப் பல் டொக்டரின் கதிரையில் ஏற்றினார்கள். ஏறியதும் கையையும் காலையும் பிடித்து அமுக்கிக்கொண்டார்கள். பல் வலி மறுநாளே போய்விட்டது. அந்தப் பொய்தான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. இந்தப் பயம் என் மகளுக்கும் வரக் கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன்.

அவளுடைய முதல் முழு நோன்பை முறிக்கவும் எனக்கு மனம் வரவில்லை. டொக்டருக்குப் போனில் கோல் எடுத்தேன். பக்கத்து ஊர்க் காரைதீவுக்காரப் பெண் அவர். "நோன்பு மாசத்தில இங்க எல்லாரும் பொழுதுபட்ட பிறகுதான் வாற. நோன்பு திறந்திட்டே வாங்க அக்கா," என்றார்.

ஈச்சம்பழமும் கஞ்சியுமாக நோன்பு திறந்து, மஃரிப் தொழுதுவிட்டு இருவரும் ஓட்டோவில் போனோம்.

உள்ளே போனதும், "முதல்ல எனக்குக் கழட்டுங்க டொக்டர்," என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். சீனி, பிரஷர் எல்லாம் விசாரித்து, வாயைப் பார்த்துவிட்டு, எப்போதோ கழற்றியிருக்க வேண்டியது என்றார். கதிரை பின்னால் சாய்ந்தது. அந்த மருந்து மணம் மூக்கில் ஏறியதும் கால் நடுங்கத் தொடங்கியது. மகள் என் அபாயாவின் கைப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊசி ஏறியபோது கண்ணீர் தானாக வழிந்தது. என்ன வந்தாலும் எழும்புவதில்லை என்று கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஓர் அழுத்தம், கறக் என்று ஒரு சத்தம், வேர் வெளியே வந்துவிட்டது.

"நொந்ததா உம்மா?"

பஞ்சைக் கடித்தபடி இல்லை என்று தலையாட்டியிருக்கலாம். எனக்கு மனம் ஒப்பவில்லை.

"ஓம் மகள். ஊசி நொந்தது. பிறகு நோகல்ல."

மகள் டொக்டரிடம் திரும்பி, "நான் கைய உயத்தினா நிப்பாட்டுவீங்களா?" என்று கேட்டாள். நிற்பாட்டுவதாக அவர் வாக்குக் கொடுத்தார். யாரும் தூக்கிவிடாமல் தானே கதிரையில் ஏறினாள். நான் அவளைப் பிடிக்கப் போகாமல் என் கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டேன். அது எனக்குப் பல் கழற்றுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவள் கையை உயர்த்தியபோதெல்லாம் டொக்டர் நிறுத்தினார். கடைசியாக அவள் கை உயர்த்தியபோது, பல் அவருடைய கையில் இருந்தது.

இந்த வருடம் தலைப்பிறை பார்க்கச் சில நாள் இருக்கும்போது, "நோன்பு வரமுன்ன பல்லக் காட்டிட்டு வருவம் உம்மா," என்று மகள்தான் என்னைக் கூப்பிட்டாள். எனக்கு அந்தக் கதிரையைக் கண்டால் இப்போதும் கால் நடுங்கும். ஆனால் அந்த நடுக்கம் என்னோடு நின்றுவிட்டது, என் மகளிடம் போகவில்லை.