ஓரங்கட்டி நிறுத்திய வண்டி

என் தம்பி வண்டியிலிருந்து விழுந்து சாகவில்லை. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ, இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். லடாக் வரைக்கும் போய்விட்டு வந்தவன் அவன். ராஜஸ்தான் மணலில் ஓட்டியிருக்கிறான், வடகிழக்கில் மண் சரிந்த மலைப்பாதையில் ஓட்டியிருக்கிறான். எங்கேயும் விழுந்ததில்லை. முழங்காலில் ஒரு தழும்பு இருந்தது உண்மைதான். அது சின்ன வயதில் நான் பிடித்துத் தள்ளியதில் வந்தது.

கரிக்கலாம்பாக்கத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். அவன் கல்யாணமே வேண்டாமென்று அம்மாவோடு இருந்துவிட்டான். கம்பெனியில் ஷிப்ட் வேலை, லீவு சேர்ந்ததும் நீளமாக ஒரு பயணம். பக்கத்துத் தெருவில் இருக்கிற டீக்கடைக்குப் போவதென்றாலும் ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் போவான். எங்கள் பக்கத்தில் ஹெல்மெட்டை பெட்ரோல் டேங்க் மேல் உட்கார வைத்து ஊர்வலம் கூட்டிப் போவார்கள், தலையில் வைக்கிற வழக்கம் கிடையாது. "இன்னாபா, நிலாவுக்கா?" என்று கடையில் கேட்பார்கள். "ஆமா, வரும்போது உனக்கு இன்னா வாங்கியாரட்டும்?" என்பான்.

எங்கள் ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் அவனிடம்தான் ஸ்கூட்டி கற்றுக்கொண்டோம், கோயில் மைதானத்தில். அவன் கற்றுக்கொடுக்கிற லட்சணத்தை என்னவென்று சொல்வது! முதல் இரண்டு நாள் ஓட்டவே விடமாட்டான். வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும், ஓரங்கட்ட வேண்டும், ஸ்டாண்டு போட வேண்டும், சாவியை எடுக்க வேண்டும். மறுபடியும் முதலிலிருந்து. வெயிலில் தள்ளித் தள்ளி எனக்கு இடுப்பு கழன்றுவிட்டது. கண்டபடி திட்டியிருக்கிறேன். "நிறுத்த வர்லன்னா ஓட்டக் குடுக்க மாட்டேன்க்கா," என்று சிரிப்பான், பாவி.

அம்மாவுக்கு அந்த வண்டியைக் கண்டாலே ஆகாது. ஒவ்வொரு தடவை அவன் கிளம்பும்போதும் வேளாங்கண்ணித் தீர்த்தத்தை அதன் மேல் தெளித்துக்கொண்டே அதைத் திட்டுவாள். இந்தச் சனியன் ஒருநாள் உன்னைச் சாப்பிடத்தான் போகிறது என்பாள். பிறகு அவன் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவாள்.

ஆனால் ஊரில் யாருக்காவது நெஞ்சு வலி என்றால் முதலில் கூப்பிடுவது அவனையும் அந்த வண்டியையும்தான். ஆம்புலன்சுக்குப் போன் பண்ணிவிட்டு அது வருமா வராதா என்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டான். வலிக்கிற ஆளைத் தனக்குப் பின்னால் உட்கார வைத்து, அவருக்குப் பின்னால் இன்னொருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இறக்கிவிடுவான். இந்துத் தெரு, நம்ம தெரு என்றெல்லாம் பார்த்ததில்லை. இதெல்லாம் வாயுப்பா, ஒரு சோடா குடித்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் அவனுக்குக் கெட்ட கோபம் வரும். அதை டாக்டர் சொல்லட்டும் என்பான்.

அப்படிப்பட்டவன் போன வருஷம் ஒரு காலையில் ஷிப்டுக்குக் கிளம்பி, ஏம்பலம் போகிற சாலையில், கரும்பு வயலோரம் செத்துக் கிடந்தான். பால்காரர்தான் பார்த்துவிட்டுச் சொல்லியனுப்பினார். நான் போய்ப் பார்த்தபோது வண்டி சாலையை விட்டு நன்றாக ஓரங்கட்டி நின்றிருந்தது. சைடு ஸ்டாண்டு போட்டிருந்தது. ஹெல்மெட் வண்டிக் கண்ணாடியில் தொங்கியது. சாவியை எடுத்துச் சட்டைப் பையில் வைத்திருந்தான். பக்கத்தில் புல்லில் உட்கார்ந்து, அப்படியே சாய்ந்திருக்கிறான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மாரடைப்பு, உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை என்றார். காலையில் நெஞ்சு வலி என்று வீட்டில் ஏதாவது சொன்னாரா என்று கேட்டார். நான் அம்மாவைக் கேட்டேன். அம்மா இல்லையென்று தலையாட்டினாள்.

அன்று சாயங்காலமே தெருமுனையில் பேனர் ஏறிவிட்டது. எங்கள் ஊரில் ஒரு உயிர் போனால் உடம்பு வீட்டுக்கு வருகிறதோ இல்லையோ, பேனர் வந்துவிடும். பனிமலைக்கு முன்னால் வண்டியோடு அவன் நிற்கிற படம். மேலே கண்ணீர் அஞ்சலி. கீழே, சாலை விபத்தில் எங்களை விட்டுப் பிரிந்த அண்ணனுக்கு என்று போட்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. ஓட்டத் தெரிந்தவன் என்கிற ஒரே பெருமைதான் அவன் சம்பாதித்தது, அதையும் ஒரு வரியில் கெடுத்துவிட்டார்களே. பேனர் கட்டியவன் பக்கத்து வீட்டுப் பிள்ளை. தெருவென்றும் பார்க்காமல் அவனைப் பிடித்துத் திட்டித் தீர்த்தேன். விசாரித்துப் போட மாட்டாயா, கண் அவிந்தா போச்சு என்றெல்லாம் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டே கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னான்.

"பெரிம்மாதான்க்கா அப்டி போடச் சொன்னாங்க."

அவன் பெரிம்மா என்பது எங்கள் அம்மாவைத்தான். நேராக அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மா அடுப்படியில், தரையில் உட்கார்ந்திருந்தாள். கேட்டேன். அங்கே கவிழ்த்து வைத்திருந்த ஒரு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

"நெஞ்சு கரிக்குதும்மான்னான். கேஸுடான்னு ஓமத்தண்ணி வெச்சிக் குடுத்தேன். குடிச்சிட்டு, இப்ப பரவால்லன்னுட்டுப் போனான். வண்டியாலன்னே இருந்துட்டுப் போவட்டும்டி. அத நான் எத்தினியோ வருசமா திட்டிக்கினுதான கீறேன்."

ஊருக்கெல்லாம் டாக்டர் சொல்லட்டும் என்றவன், அம்மா கொடுத்தாள் என்பதற்காகக் குடித்துவிட்டுப் போயிருக்கிறான். அவன் மேல் கோபம் வந்தது. அம்மா மேல் வரவில்லை. நானாக இருந்தாலும் அதே ஓமத்தண்ணியைத்தான் வைத்திருப்பேன், கூடக் கொஞ்சம் பெருங்காயமும் போட்டிருப்பேன். பேனரைக் கிழித்தால் தம்பியின் பேர் நிற்கும். ஆனால் அப்புறம் எப்படித்தான் செத்தான் என்று ஊர் கேட்கும், அம்மா பதில் சொல்ல வேண்டும். மகன் செத்த வீட்டில் பெற்றவளை எப்படிக் கூண்டில் ஏற்றுவது? பேனர் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை அவனுடைய சிநேகிதர்கள் வந்தார்கள். சேலம், மதுரை, பெங்களூர் என்று எங்கிருந்தெல்லாமோ, தெரு கொள்ளாமல் வண்டிகள். அத்தனை பேரும் தெருமுனையில் நின்று பேனரைப் படித்துவிட்டுத்தான் வந்தார்கள். பங்குச் சாமியார் வருவதற்காகக் காத்திருந்தபோது பெட்டியைச் சுற்றி நின்றவர்கள் ஒரே கேள்வியைத்தான் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். எந்த வளைவு, எதிரில் என்ன வந்தது, எப்படி விழுந்தார்? இழவு வீட்டில் இதென்ன விசாரணை என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகுதான் புரிந்தது. அவன் விழுந்த இடம் தெரிந்தால்தான் அவர்களால் இனி தைரியமாக ஓட்ட முடியும். நான் எதையோ சொல்லி மழுப்பினேன். அவர்களில் ஒருவன், நல்ல வாட்டசாட்டமான ஆள், அண்ணனே விழுந்துட்டாருன்னா நாமெல்லாம் எந்த மூலைக்கு, ஊருக்குப் போனதும் வண்டியை வித்துடப் போறேன் என்று அழுதுகொண்டே சொன்னான். மற்றவர்கள் யாரும் மறுத்துப் பேசவில்லை.

பெட்டியின் தலைமாட்டில் இருந்த அம்மா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். நான் அவள் தோளை அழுத்தினேன். என் கையைத் தட்டிவிட்டாள்.

"விக்காதப்பா," என்றாள். "எம்புள்ள விழல. வண்டிய ஓரமா நிறுத்திட்டுத்தான் போனான். நெஞ்சு வலின்னான், நான்தான் கேஸுன்னு ஓமத்தண்ணி குடுத்து அனுப்புனேன். அந்தப் பேனர்ல கீறது பொய்யி. நான்தான் போடச் சொன்னேன்."

எங்கள் தெருப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாராவது ஒரு வார்த்தை தப்பாகப் பேசியிருந்தால் அன்றைக்கு என்ன செய்திருப்பேனோ தெரியாது. அந்தக் கூட்டத்தில் மதுரையிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். முழங்கால் வரைக்கும் பூட்ஸ் போட்டிருந்தாள். அந்த பூட்ஸோடு சிரமப்பட்டுக் காலை மடக்கி அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்கம்மாவும் அதைத்தாம்மா குடுத்திருப்பாங்க," என்றாள்.

நான் வாய்விட்டு அழுதது அப்போதுதான். அம்மா அழவில்லை. கல்லறைக்குப் போகும்போது அந்தச் சிநேகிதர்கள் யாரும் வண்டியை ஸ்டார்ட் பண்ணவில்லை, பெட்டிக்குப் பின்னால் தள்ளிக்கொண்டே நடந்தார்கள். நாங்கள் மைதானத்தில் தள்ளினோமே, அதே மாதிரி. திரும்பி வந்து பார்த்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏணி போட்டு ஏறி, பேனரில் அந்த வரி மேல் வெள்ளைத்தாளை ஒட்டிக்கொண்டிருந்தான். குழிக்கு மண் போட்டுவிட்டு வரும்போதும் அம்மா அழவில்லை. முப்பதாம் நாள் பூசையிலும் அழவில்லை.

போன வாரம் காலையில் அம்மா கூப்பிட்டாள், ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு உடனே வரச் சொன்னாள். போனேன். எதிர்வீட்டு மாமா வாசலில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். ஒண்ணுமில்லம்மா, ராத்திரி தின்ன பரோட்டா, வெறும் கேஸு என்றார். அம்மா அவரைப் பேசவே விடவில்லை. அவர் மகனைப் பின்னால் ஏறிப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். உள்ளே போய்த் தம்பியின் ஹெல்மெட்டை எடுத்து வந்து என் தலையில் மாட்டினாள். அது எனக்குப் பெரிசு, ஆடியது. தாடைப் பட்டையை இறுக்கிவிட்டு, என் நெற்றி மறைந்துவிட்டதால் ஹெல்மெட் மேலேயே சிலுவை போட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துப் பார்த்தார்கள். நெஞ்சில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். வெளியே வந்து அம்மாவுக்குப் போன் பண்ணினேன்.

"கேஸுதானாம்மா," என்றேன்.



"கேஸாவே இருந்துட்டுப் போவட்டும்டி," என்றாள். பிறகு அழ ஆரம்பித்தாள்.